பதினான்கு நாள் சென்சரும் ஒரு குயர் நோட்டும்: நேரம் தவறுவதை எது காட்டிக்கொடுக்கிறது?

காலையில் 30/70 கலவை இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்வது 30 பங்கு, நடுத்தர வேகத்தில் செய்வது 70 பங்கு) போட்டுக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளுகிறவருக்கு எச்பிஏ1சி 7.2 வரலாம். ஒரு மணி அடித்தால் தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறவருக்கும் அதே 7.2 வரலாம். இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் அந்தப் பரிசோதனைக்குக் கடிகாரம் தெரியாது. முதலாமவருக்கு மதியம் இரண்டரைக்குச் சர்க்கரை 58-க்கு இறங்கி, வியர்த்து, கைக்குக் கிடைத்ததைத் தின்று, நான்கரைக்கு 260-க்கு ஏறியதை அது கூட்டிக் கழித்து ஒன்றாக்கிவிடும்.

கேள்வித்தாள்களும் அப்படித்தான். டூபர்ட், ஹாம்ப்சன், கிளாஸ்கோ மூவரும் 2000-இல் திருத்தி வெளியிட்ட சுய பராமரிப்புக் கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அது கேட்பது, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் இதைச் செய்தீர்கள் என்று. ஏழு நாளும் ஊசி போட்டேன் என்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஏழு நாளும் ஏழு வெவ்வேறு நேரத்தில் போட்டது அந்த விடையில் விழாது.

ஆகவே இந்த மதிப்புரை ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது: அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே, அதாவது கையில் ஒட்டி ஸ்கேன் செய்து படிக்கும் பதினான்கு நாள் சர்க்கரை சென்சர், ஒருவர் ஊசி, மாத்திரை, சாப்பாடு மூன்றையும் நேரத்துக்குச் செய்கிறாரா என்று அளக்க உதவுமா? சர்க்கரையை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பது வேறு பேச்சு. ப்ளூடூத்தில் தானாகவே அளவுகளை அனுப்பும் பிந்தைய வகைகளுக்கு, கீழே ஸ்கேன், எச்சரிக்கை மணி பற்றிச் சொல்லும் இடங்கள் பொருந்தாது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த வேளையில் நேரம் சிதறுகிறது என்பதை இந்த சென்சர் அருமையாகக் காட்டுகிறது. எத்தனை நிமிடம், ஏன் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு குயர் நோட்டு வேண்டும். நோட்டு இல்லாமல் சென்சர் வாங்குவது, சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பாதி விடை வாங்குவது போல.

ஒட்டும்போதே தவறுவது

சென்சர் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு. மேற்கையின் பின்புறம் ஒட்ட வேண்டும். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, அப்ளிகேட்டரை அழுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டினால் பசை பிடிக்காது. நம் ஊர் வியர்வையில் நான்காம் நாளே ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டிய 60 நிமிடம் கழித்துத்தான் முதல் அளவு வரும். முதல் 24 மணி நேரத்து அளவுகள் கொஞ்சம் தடுமாறும் என்பதால், நேரக் கணக்கை இரண்டாம் நாளிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை ஒட்டுவது என்பதும் ஒரு சங்கதி. பதினான்கு நாளுக்குள் இரண்டு ஞாயிறு கட்டாயம் வந்துவிடும். நேரம் அதிகம் சிதறுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். சனி இரவு ஒட்டினால், தடுமாறும் முதல் நாளோடு ஒரு ஞாயிறும் கணக்கிலிருந்து போய்விடும். திங்கள் அல்லது செவ்வாய் நல்லது.

கைபேசிச் செயலிக்குப் பதில் ஸ்கேன் செய்யத் தனி ரீடர் கருவி வைத்திருந்தால், அதன் கடிகாரத்தை முதல் நாளே கைபேசிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். சாதாரண குளுக்கோமீட்டரில் இந்தப் பிழை இன்னும் அதிகம். பேட்டரி மாற்றிய பிறகு தேதியும் நேரமும் தவறாகிக் கிடக்க, அல்லது முற்பகல் பிற்பகல் மாறிக் கிடக்க, மாதக்கணக்கில் அப்படியே ஓடும் மீட்டர்கள் நிறைய. அளவுகள் சரியாக இருக்கும். நேரத்தை அளக்க மட்டும் அந்தப் பதிவால் ஒரு பயனும் இருக்காது.

எட்டு மணி நேர ஓட்டை

சென்சர் 15 நிமிடத்துக்கு ஓர் அளவு வீதம் ஒரு நாளைக்கு 96 அளவுகளைப் பதிகிறது. ஆனால் அதன் நினைவில் எட்டு மணி நேரத்துக்குத்தான் இடம். அதற்குள் ஸ்கேன் செய்யாவிட்டால் பழையது அழிந்துகொண்டே வரும். இரவு ஒன்பதரைக்கு ஸ்கேன் செய்து படுத்து, காலை ஆறரைக்கு அடுத்த ஸ்கேன் என்றால் இடையில் ஒன்பது மணி நேரம்; ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நடந்தது போய்விட்டது. இரவுச் சாப்பாட்டைத் தாமதமாகச் சாப்பிடுகிறவருக்கு நாம் பார்க்க வேண்டிய இடமே அதுதான். படுக்கையில் விளக்கை அணைக்கும்போது ஒரு ஸ்கேன், எழுந்ததும் ஒரு ஸ்கேன் என்று வைத்துக்கொண்டால் ஓட்டை அடைபடும். 14 நாள் பதிவில் குறைந்தது 70 சதவீதமாவது இருந்தால்தான் அறிக்கையை நம்பலாம் என்பது பன்னாட்டு நிபுணர்கள் ஒத்துக்கொண்ட அளவுகோல்.

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் என்ற எண்ணும் அறிக்கையில் வரும். அதை ஒழுங்கின் மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து முறை ஸ்கேன் செய்கிறவர் நேரம் தவறாதவராக இருக்கலாம். வெறுமனே பயந்தவராகவும் இருக்கலாம்.

அறிக்கையை நேரக் கண்ணோடு படிப்பது

இந்த சென்சரின் மதிப்பு முழுக்க ஏ.ஜி.பி. என்ற ஒரு பக்க வரைபடத்தில் இருக்கிறது. பதினான்கு நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே 24 மணி நேரமாகக் காட்டும் படம் அது. நடுவில் ஒரு கோடு. அதுதான் இடைநிலை அளவு. அதைச் சுற்றி அடர்ந்த பட்டை. நாட்களில் பாதி அதற்குள் அடங்கும். வெளியே வெளிறிய பட்டை; எப்போதோ நடக்கும் ஏற்ற இறக்கங்கள் அதில்.

பெரும்பாலானோர் நடுக்கோட்டையும் மேலே இருக்கும் சதவீதங்களையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சதவீதங்கள் 2019-இல் வந்த பன்னாட்டு இலக்குகளின்படி: 70 முதல் 180 வரைக்குள் 70 சதவீத நேரத்துக்கு மேல், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள், 250-க்கு மேல் 5 சதவீதத்துக்குள். மணியில் சொன்னால் 70 சதவீதம் என்பது ஒரு நாளில் 16 மணி 48 நிமிடம். 4 சதவீதம் ஒரு மணிக்கும் கொஞ்சம் குறைவு. 1 சதவீதம் கால் மணி. முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் இலக்கு தளர்வு: 50 சதவீதத்துக்கு மேல் போதும், ஆனால் 70-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இதற்கு இலக்கில் இருந்த நேரம் என்று பெயர் இருப்பதால் இதுவே நேர ஒழுங்கின் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது சர்க்கரை செலவழித்த நேரம். மனிதர் கடைப்பிடித்த நேரம் அல்ல.

நாம் பார்க்க வேண்டியது பட்டையின் அகலம். ஒரு வேளைக்குப் பின் நடுக்கோடு 220-க்கு ஏறி, அடர்ந்த பட்டை அதை ஒட்டி ஒல்லியாகப் போகிறதா? அந்த வேளை நேரத்துக்கு நடக்கிறது. தவறு உணவின் அளவிலோ மருந்தின் அளவிலோ இருக்கிறது. நடுக்கோடு 160-இல் நல்லபிள்ளையாக இருந்து, பட்டை மட்டும் 100-லிருந்து 240 வரை விரிகிறதா? அந்த வேளை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது. நேரம் மாறுவது அதற்குப் பெரிய காரணம். அளவு மாறுவது இன்னொன்று. முன்னவருக்கு அலாரம் வைத்துப் பயனில்லை. பின்னவருக்கு மருந்தைக் கூட்டினால் தாழ்ந்து விழும் நாட்கள் கூடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே ஒரு சென்சர் வாங்கலாம்.

கலவை இன்சுலின் போடுகிறவர்கள் வெளிறிய பட்டையின் கீழ்விளிம்பையும் பார்க்க வேண்டும். காலை ஊசியில் உள்ள நடுத்தர வேக இன்சுலின் நண்பகல் வாக்கில் வலுவாக வேலை செய்யும். 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே கீழ்விளிம்பு 70-ஐத் தொட்டுத் தாண்டினால், மதியச் சாப்பாடு தாமதமான நாட்கள் அங்கே ஒளிந்திருக்கின்றன. அந்த நாட்களைத் தனியே எடுக்க, நாள்வாரி வரைபடங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு நாளும் மதியம் கோடு எங்கே ஏறத் தொடங்குகிறது என்று, மலையின் உச்சியை விட்டுவிட்டு அடிவாரத்தைக் குறியுங்கள். சோறு, இட்லி போன்றவை சாப்பிட்ட 10 முதல் 20 நிமிடத்தில் ஏற்றம் தொடங்கும். உச்சி எப்போது வரும் என்பது என்ன சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து மாறும். அடிவாரம் அவ்வளவாக ஏமாற்றாது.

நேரத் தவறு போலவே தோன்றி, அப்படி இல்லாதவை சில உண்டு. சென்சர் ஒட்டிய கையின்மேல் படுத்துத் தூங்கினால், அழுத்தத்தால் நள்ளிரவில் பொய்யான இறக்கம் தெரியும். புரண்டு படுத்ததும் செங்குத்தாக மேலேறிவிடும். விடியற்காலை மூன்று நான்கு மணியிலிருந்து எதுவும் சாப்பிடாமலே ஏறுவது உடலின் சுரப்புகள் செய்வது. அதற்குக் காலைக் காபியைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை எடுத்தாலும் அளவு பொய்யாக உயரலாம். ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு நாட்கள் பதினான்குக்குள் வந்தால் அவற்றைத் தனியே வைத்துப் படிக்க வேண்டும். சேர்த்தால் பட்டை வீணாக அகலும்.

சென்சரால் முடியாதது

சாதாரண மனித இன்சுலினையும் அதன் 30/70 கலவையையும் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னால் போட வேண்டும். ஆஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற விரைவு வகைகள் என்றால் 15 நிமிடத்துக்குள். முப்பது நிமிட இடைவெளியை ஒருவர் பத்து நிமிடமாகச் சுருக்குகிறாரா என்பதே மிக முக்கியமான நேரக் கேள்வி. 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும், அதிலும் தோலடித் திரவத்தை அளப்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும் கருவி, இதை எப்படிக் காட்டும்? விளைவைக் காட்டும், உச்சி உயர்ந்ததை. காரணத்தைக் காட்டாது.

சாப்பாடு, இன்சுலின், உடற்பயிற்சி என்று குறிப்புப் போடும் வசதி ரீடரிலும் செயலியிலும் உண்டு. ரீடரில் ஸ்கேன் செய்த 15 நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். செயலியில் பின்னாலும் சேர்க்கலாம். அந்தச் சலுகைதான் கோளாறு: இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து நாள் முழுவதற்கும் குறிப்புப் போட்டால் அது நினைவு, அளவீடு அல்ல. முதல் தலைமுறை லிப்ரேயில் எச்சரிக்கை மணியும் கிடையாது. தாழ்ந்து போகும்போது தானாகக் கூப்பிடாது. நடுக்கமும் வியர்வையும் இருந்து, திரை மட்டும் எல்லாம் சரி என்று சொன்னால், விரலில் குத்திப் பாருங்கள்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். நான்கு பத்திகள்: செய்ய வேண்டிய நேரம், செய்த நேரம், வித்தியாசம் நிமிடத்தில், காரணம். முதல் பத்தியை ஒட்டும் நாளுக்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டு நிரப்பிவிட வேண்டும். பிறகு திருத்தக்கூடாது; திருத்தினால் யாரும் தாமதமாக வந்ததாகவே இருக்காது.

சாப்பாட்டுக்கு முதல் கவளம் எடுத்த நேரத்தை எழுதுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனைக்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவது பரவலான பிழை. அந்தந்தக் கணத்தில் எழுத முடியாமல் பின்னால் எழுதியதை வட்டமிடுங்கள். எல்லா நேரமும் 7.30, 8.00, 1.00 என்று முடிந்தால், வட்டம் இல்லாவிட்டாலும் அது நினைவிலிருந்து எழுதிய நோட்டு. நிஜக் கடிகாரம் 7.43 என்றுதான் காட்டும்.

தாமதம் என்பது மருந்துக்கு மருந்து வேறு. கிளிமெபிரைடு மாத்திரையை முதல் முக்கிய உணவுக்குச் சற்று முன்னாலோ அதோடோ போட வேண்டும். போட்டபின் அந்தச் சாப்பாடு தள்ளிப்போனால் ஆபத்து. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் முதல் கவளத்தோடு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் போட்டும் பயனில்லை. மெட்ஃபார்மினுக்கு உணவோடு சேர்ந்தால் போதும், கடிகாரம் பெரிதில்லை. நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினுக்குத் தினமும் ஒரே நேரம். டெக்லுடெக் இன்சுலின் அதைவிட நீண்ட நேரம் நிற்பதால் விட்டுக்கொடுக்கும்; ஆனால் இரண்டு ஊசிக்கு நடுவே 8 மணி நேரமாவது வேண்டும். செமாக்ளூடைட் மாத்திரை வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரோடு, அதன்பின் 30 நிமிடம் எதுவும் கூடாது. வீட்டில் தைராய்டு மாத்திரையும் அதே வெறும் வயிற்றுக்கு வரிசையில் நிற்கிறது என்றால், காலை ஆறு மணிக்கே நெரிசல்தான். அதை நோட்டில் தாமதம் என்று எழுதுவதில் அர்த்தமில்லை. வரிசையை மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

கணக்குப் போடும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணிக்கு என்று வைத்த மதியச் சாப்பாடு ஒரு வாரத்தில் 1.00, 1.10, 1.45, 12.55, 2.20, 1.05, 1.30 என்று நடந்ததாக வைத்துக்கொள்வோம். முன் பின் பாராமல் வித்தியாசங்கள் 0, 10, 45, 5, 80, 5, 30. சராசரி 25 நிமிடம். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 10 நிமிடம், கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கலவை இன்சுலின்காரரை மயக்கத்தில் தள்ளப் போவது அந்த 80. ஆகவே மூன்று எண்களை எழுதுங்கள்: நடு எண், மிக மோசமான நாள், அரை மணிக்குள் அடங்கிய நாட்கள். இங்கே 10, 80, ஏழில் ஐந்து.

காரணப் பத்திக்கு நான்கு எழுத்துப் போதும். மறதி என்றால் ம. வேலை, பயணம் என்றால் வே. சாப்பாடு தயாராகவில்லை என்றால் தா. பிறருக்காகக் காத்திருந்தது என்றால் கா. இதை விட்டுவிட்டால் மொத்த அளவீடும் அநியாயமாகிவிடும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தட்டெடுக்கும் அம்மாவும், வண்டி எப்போது நிற்குமோ அப்போதுதான் சாப்பிட முடிகிற கண்டக்டரும் நேர நிர்வாகத்தில் தோற்றவர்கள் என்று எந்த எண்ணும் சொல்லக்கூடாது. ம அதிகம் வந்தால் அலாரம் உதவும். வே அதிகம் என்றால் அந்த வேலைக்கு ஒத்துப்போகும் மருந்து முறை இருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். கலவை இன்சுலினைவிடத் தளர்வானவை உண்டு. கா அதிகம் என்றால் பேச வேண்டியது வீட்டில்.

மற்றக் கருவிகள்

நினைவகமுள்ள இன்சுலின் பேனாக்கள் இந்த வேலையில் சென்சரைவிட நேர்மையானவை. ஊசி போட்ட கணத்தைப் பதிகின்றன. நோவோபென் எக்கோ கடைசியாகப் போட்ட அளவையும் அதன்பின் போன நேரத்தையும், 12 மணி வரை, மணிக்கணக்கில் மட்டும் காட்டும். நோவோபென் 6, எக்கோ பிளஸ் இரண்டும் 800 ஊசிகள் வரை நினைவில் வைத்து என்.எஃப்.சி. வழியே, அதாவது அருகில் வைத்தாலே, கைபேசிக்குத் தரும். காற்றை வெளியேற்றத் தள்ளும் 2 யூனிட்டும் பதிவாகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பரவலாகக் கையில் இருக்கும் நோவோபென் 4-இல் நினைவகம் கிடையாது.

மாத்திரைப் புட்டியின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதியும் மின்னணு மூடிகளை ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். மூடி திறந்ததற்குத்தான் அது சாட்சி, மாத்திரையை விழுங்கியதற்கு இல்லை. கைபேசி அலாரமும் அதே கதை: நிறுத்தியது ஊசி போட்டதாகாது. கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி விட்டுப்போனதைக் காட்டும், தாமதத்தைக் காட்டாது. விலைக்கு அது போதும்.

யாருக்கு

கலவை இன்சுலின் போடுகிறவர்கள், வேளைக்கு வேளை ஊசி போடுகிறவர்கள், கிளிமெபிரைடு போன்ற மாத்திரையில் அடிக்கடி தாழ்ந்து போகிறவர்கள், இரவு ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள் ஒரு முறை வாங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு நேரத்தை அளக்க இந்தச் செலவு வேண்டாம்; நோட்டை மட்டும் ஒரு வாரம் எழுதினால் போதும். கர்ப்பிணிகளுக்கு இலக்கே 63 முதல் 140 என்று வேறு. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் இந்தப் படத்தைத் தாங்களாகப் படிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நாள் குறித்திருந்தால் அது முடிந்தபின் ஒட்டுங்கள். நடுவில் கழற்றினால் மீண்டும் ஒட்ட முடியாது.

இரண்டாவது சென்சரை, மருந்து முறையோ வேலை நேரமோ மாறிய பிறகு மட்டும் வாங்குங்கள். இடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் நோட்டு போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நூறு அளவுகளை அச்செடுத்துப் போக வேண்டாம். ஏ.ஜி.பி. ஒரு பக்கம், அதில் அகலமான பட்டைக்குப் பேனாவால் ஒரு வட்டம்; மிக மோசமான இரண்டு நாட்களின் வரைபடம்; அந்த இரண்டு நாட்களின் நோட்டுப் பக்கம். ஊசியின் அளவை நீங்களாக மாற்றாமல் இந்தத் தாள்களை மேசையில் வைத்தால், பேச்சு நேராக மதியம் ஒரு மணிக்குப் போய்விடும்.